உழைப்பின் வரவும் தொழிலின் செலவும்



மாதந்தோறும் சம்பளம் பெறுகிறவர் ஒருவர். தம் பொறுப்பில் தொழில் நடத்தி, செய்து கொடுத்த வேலைக்குக் கட்டணம் பெறுகிறவர் மற்றொருவர். இருவர் கைக்கும் மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் வருகிறது என்றால், இருவரும் ஒத்த நிலையினர் என்றே ஊரார் கருதுவர். உண்மை அதுவன்று. சம்பளக்காரர் அமரும் நாற்காலியும், எழுதும் தாளும், தலைக்குமேல் சுழலும் விசிறியும் அவரை வேலைக்கு வைத்தவருடைய செலவு. தனித்தொழில் செய்பவருக்கோ அவையெல்லாம் தம் சொந்தக் கைப்பொருள். ஆதலின் அவர் கைக்கு வந்த ஐம்பதாயிரத்தை வரவு என்று சொல்லலாமே தவிர வருமானம் என்று சொல்லுதல் பொருந்தாது. தொழிலுக்காகச் செலவிட்டதைக் கழித்தபின் எஞ்சி நிற்பதே வருமானம். அரசு வரி கேட்பதும் அந்த எஞ்சிய தொகைக்குத்தான். இந்த வேறுபாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் கணக்குத் தணிக்கைத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்து வருபவன். கட்டட வரைபடம் தயாரிக்கும் பொறியாளர், கணினிக்கு நிரல் எழுதுவோர், மொழிபெயர்ப்பாளர், விளம்பரப் படம் வரைவோர் எனப் பலர் என்னிடம் வருவதுண்டு. செலவைப் பொறுத்தவரை இவர்களை இரு வகையாகப் பிரித்துவிடலாம். ஒரு வகையினர் அஞ்சுவோர். செலவு என்று எழுதினால் வரித்துறை கேள்வி கேட்குமே என்று நியாயமான செலவையும் விட்டுவிடுவர். மற்றொரு வகையினர் துணிந்தோர். வீட்டுத் திருமணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவையையும் தொழிற்செலவில் சேர்க்கலாகாதா என்று கேட்பர். இருவருக்கும் சட்டம் சொல்லும் விடை ஒன்றே.

அந்த விடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1922ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தை நீக்கி 1961ஆம் ஆண்டின் சட்டத்தை உருவாக்கியபோது, மசோதாவின் 37ஆம் பிரிவில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. செலவானது முழுமையாகவும், இன்றியமையாததாகவும், தொழிலுக்கென்றே செய்யப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்பன அவை. இவற்றுள் ‘இன்றியமையாதது’ என்ற சொல்லுக்குப் பொதுமக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. எந்தச் செலவு இன்றியமையாதது என்பதைத் தொழில் செய்பவன் அறிவானா, அவன் கணக்கைப் பின்னர்ப் பார்க்கும் அதிகாரி அறிவாரா? எதிர்ப்பின் பயனாக அச்சொல் நீக்கப்பட்டது. எஞ்சியவை இரண்டு: முழுமையாகவும், தொழிலுக்கென்றே. 1979இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இவ்வரலாற்றை எடுத்துக் காட்டி, செலவு இன்றியமையாததாக இருக்க வேண்டியதில்லை, தொழிலின் பொருட்டு விரும்பிச் செய்ததாக இருந்தாலும் போதும் என்று விளக்கியது. 2025இல் இயற்றப்பெற்ற புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பிரிவுகளின் எண்கள் மாறின. ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற பழைய வழக்குப் போய் ‘வரி ஆண்டு’ என்ற எளிய பெயர் வந்தது. ஆனால் இந்த இரு சொற்கள் தம் இடத்தை இழக்கவில்லை.

ஆகவே அஞ்சுவோருக்கு நான் கூறுவது இது: உங்கள் செலவு சிக்கனமானதா என்று சட்டம் கேட்கவில்லை. எதன் பொருட்டுச் செய்தீர்கள் என்றுதான் கேட்கிறது. துணிந்தோருக்குக் கூறுவதும் அதே கேள்விதான்.

அந்தக் கேள்வி எத்துணைக் கடுமையானது என்பதை இரண்டு வழக்குகள் காட்டும். இதே சொற்றொடர் இங்கிலாந்தின் வரிச் சட்டத்திலும் உண்டு. அங்கே ஒரு பெண் வழக்கறிஞர், நீதிமன்றத்துக்கு அணிந்து செல்லும் கறுப்பு உடைகளின் செலவைக் கழிக்க வேண்டும் என்று வாதிட்டார். அந்த நிறம் தமக்குப் பிடித்தமானதன்று, தொழிலுக்காகவே அணிகிறேன் என்பது அவர் கூற்று. கீழ் நீதிமன்றங்கள் ஏற்றன. 1983இல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. மனிதருக்கு உடை வேண்டும். குளிரும் மானமும் காப்பது அதன் முதற்பயன். தொழிற்பயன் இருந்தாலும் அதற்கென்றே வாங்கியது ஆகாது என்பது தீர்ப்பு.

நம் நாட்டு வழக்கு இதனினும் சுவையானது. முன்னாள் மத்திய சட்ட அமைச்சரும் மூத்த வழக்கறிஞருமான சாந்தி பூஷண், தமக்குச் செய்யப்பட்ட இதய அறுவைச் சிகிச்சையின் செலவைத் தொழிற்செலவாகக் கோரினார். சிகிச்சைக்குப் பின் தம் தொழில் வருவாய் உயர்ந்தது என்பதை அவர் சான்றாகக் காட்டினார். 2011இல் தில்லி உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. இதயம் எல்லா மனிதரும் உயிர்வாழத் தேவையானது. அதனை வழக்கறிஞரின் தொழிற்கருவி என்று கொள்ளுதல் இயலாது என்று கூறிற்று. சட்டம் நன்கறிந்த பெரியோரும் இக்கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று வழக்காட நேர்ந்ததென்றால், மற்றவர் தடுமாறுவதில் வியப்பில்லை.

வீட்டிலேயே தொழில் செய்வோருக்கு இத்தடுமாற்றம் அன்றாடம் நேர்வது. இங்கே சட்டம் நமக்கு ஓர் உதவி செய்கிறது. வாடகை வீட்டின் ஒரு பகுதி தொழிலுக்கும் மறு பகுதி குடியிருப்புக்கும் பயன்பட்டால், தொழிலுக்குரிய பங்கைக் கழித்துக்கொள்ளலாம். ஒத்த அளவுள்ள நான்கு அறைகளில் ஒன்று அலுவலுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தால், வாடகையில் நான்கில் ஒரு பங்கு நியாயமானது. மின்சாரம், தொலைபேசி, இணைய இணைப்பு ஆகியவற்றுக்கும் இவ்வாறே பங்கிடலாம். ஆனால் பிள்ளைகள் படுத்துறங்கும் கூடத்தின் மூலையில் ஒரு மேசை போட்டுவிட்டு, கூடம் முழுவதையும் அலுவலகம் என்று எழுதுதல் முறையாகாது. சொந்த வீடானால் தமக்குத் தாமே வாடகை கொடுத்ததாகக் கணக்கு எழுதவும் இயலாது.

கணினி, மேசை போன்ற நீடித்த பொருள்களின் விலையை வாங்கிய ஆண்டிலேயே முழுவதும் கழிக்க இயலாது. அவை ஆண்டுதோறும் தேய்வதாகக் கொண்டு, தேய்மானத்தையே கழிக்க வேண்டும். கணினிக்கு விகிதம் நூற்றுக்கு 40. அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒரு கணினி வாங்கினால் முதலாண்டில் 24,000, எஞ்சிய 36,000இல் நாற்பது விழுக்காடாகிய 14,400 இரண்டாம் ஆண்டில், இப்படியே தொடரும். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகவே பயன்பட்டிருந்தால் அவ்வாண்டு பாதி விகிதமே கிடைக்கும். மற்றொரு விதியையும் நினைவிற் கொள்க. ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், செலவு உண்மையானதாயினும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கழிவு கிடைக்காது. வங்கி வழியே கொடுத்தால் இத்தடையில்லை.

இனி, இவற்றை எழுதி வைப்பதால் விளையும் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பொறியாளர் ஒருவருக்கு ஓராண்டு வரவு 16,00,000 ரூபாய். கட்டணம் கொடுத்த நிறுவனங்கள் நூற்றுக்குப் பத்து வீதம் 1,60,000 ரூபாயை முன்கூட்டியே வரியாகப் பிடித்துக்கொண்டன. அவருடைய தொழிற்செலவு 5,00,000. அதை அவர் எழுதி வைக்கவில்லை. வரவு முழுவதையும் வருமானமாகக் காட்டுகிறார். 2025-26ஆம் நிதியாண்டின் புதிய முறை விகிதப்படி வரியும் மேல்வரியும் சேர்ந்து 1,24,800 ரூபாய் ஆகிறது. செலவைக் காட்டியிருந்தால் வருமானம் 11,00,000. அம்முறையில் பன்னிரண்டு இலட்சம் வரை தள்ளுபடி உண்டு. ஆதலின் வரியே இல்லை. பிடித்த தொகை முழுவதும் திரும்பி வந்திருக்கும். எழுதாத ஐந்து இலட்சத்தின் விலை ஒன்றேகால் இலட்சம்! ‘ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டு’ என்று நம் முன்னோர் சொன்னது வீணன்று.

புதிய முறையில் கழிவுகளே இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். ஆயுள் காப்பீடு முதலிய சொந்தச் சேமிப்புக்குரிய கழிவுகளே அதில் இல்லை. தொழிற்செலவு அதிலும் கழிக்கத்தக்கதே. சம்பளக்காரருக்குக் கணக்குக் கேளாமல் தரப்படும் நிலைக்கழிவு 2024இல் புதிய முறையில் 75,000 ரூபாயாக உயர்ந்தது. அது தனித்தொழில் செய்பவருக்கு இல்லை. அவர் செலவுக்கு அவரே சான்று காட்ட வேண்டும்.

ஆயினும் கணக்கு எழுத இயலாதோர்க்கு அரசு ஓர் எளிய வழியையும் 2016இல் வகுத்தது. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் முதலிய குறிப்பிட்ட தொழில்களில் ஆண்டு வரவு ஐம்பது இலட்சத்துக்கு மிகாதவர், வரவில் பாதிக்குக் குறையாத தொகையை வருமானமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு நூற்றுக்கு ஐந்துக்கு மிகாதிருப்பின் எல்லை 75 இலட்சம் வரை நீளும். மற்றப் பாதி செலவென்று ஏற்கப்படும். பேரேடு காட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்குமேல் வேறெந்தத் தொழிற்செலவும் கழிக்கலாகாது.

வழி எளிதுதான், எல்லார்க்கும் ஏற்றதன்று. உதவியாளர் இருவரை வைத்து, முப்பது இலட்சம் வரவில் இருபது இலட்சம் செலவிடும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய உண்மை வருமானம் பத்து இலட்சம். அதே விகிதப்படி வரியில்லை. எளிய வழியிலோ பதினைந்து இலட்சமாகி, 1,09,200 ரூபாய் வரி வந்துவிடும். இதைத் தவிர்க்க அவர் முறையாகப் பேரேடு எழுதித் தணிக்கையும் செய்விக்க வேண்டும். செலவை அறியாதவர் எந்த வழி தமக்கு உகந்தது என்பதை எப்படித் தேர்வார்? அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டாம் என்று சட்டம் விடுதலை தரலாம். நம் கணக்கை நாமே அறிய வேண்டியதிலிருந்து எச்சட்டமும் விடுதலை தராது.

இதனை நான் நன்கு உணர்ந்தது என்னிடம் வரும் ஒரு பொறியாளர் அம்மையாரின் கணக்கிலே. அவர் ஓராண்டு முழுவதும் ஒவ்வொரு செலவையும் எந்த வேலைக்கு என்று குறித்து எழுதி வந்தார். ஆண்டு முடிவில் வரி குறைந்தது உண்மை. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று அந்த ஏட்டில் இருந்தது. வெளியூர்க் கட்டடங்களுக்கு அவர் வாங்கிய கட்டணத்தில் பாதி, பேருந்துக்கும் விடுதிக்கும் போயிருந்தது. இரவு பகலாகச் செய்த அந்த வேலைகளில் அவர் நாட்கூலி, அவரிடம் வரைபடம் படியெடுத்துத் தரும் பையனுடைய கூலியினும் குறைவு. அடுத்த ஆண்டு முதல் பயணச் செலவைத் தனியே கேட்டார். ஒரு வாடிக்கையாளர் விலகிப் போனார்; மற்றவர் மறுக்காமல் கொடுத்தனர்.

தனித்தொழில் செய்வோருக்கு ஊதிய உயர்வு தர மேலதிகாரி இல்லை. ஓய்வூதியம் தர நிறுவனமும் இல்லை. தம் ஒரு நாள் உழைப்பு எத்தனை ரூபாய்ச் செலவில் நடக்கிறது என்பதை அறிந்தாலன்றி, அதற்கு என்ன விலை கேட்பது என்பதை அவர் அறியார். ஆகவே செலவை நடந்த அன்றே எழுதுங்கள். பற்றுச்சீட்டை அதனோடு சேர்த்து வையுங்கள். எதன் பொருட்டு என்று ஒரு வரி குறியுங்கள். அந்த ஒரு வரியை மனச்சான்று உறுத்தாமல் எழுத முடிந்தால் அது தொழிற்செலவு. எழுதக் கை தயங்கினால் அது வீட்டுச் செலவு. வீட்டுக் கணக்கிலேயே இருக்கட்டும்.