கணக்கரின் கவனக்குறைவும் சங்கத்தின் உரிமையும்
(வெள்ளிவிழா அரங்கில் ஆற்றிய உரை)



கல்வி மேடையில் கணக்கைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகின்றேன். அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் நூல் வெளியிட்டவரும் அவரே. ஆகவே இது நமக்கு அயலான பொருளன்று.

முன்னர் வேறொரு சிறு சங்கத்திற்கு நான் பொருளாளராக இருந்தேன். எங்கள் கணக்கைத் தணிக்கை செய்தவர் கட்டணமே பெறாத நல்லவர். ஓர் ஆண்டு அவர் தணிக்கை அறிக்கையை உரிய நாளில் தாக்கல் செய்யவில்லை. வரிவிலக்கு மறுக்கப்பட்டு அறிவிப்பு வந்தது. விடுதிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்கென ஒதுக்கிய பணம் ஓராண்டிற்கு மேல் தொடப்படாமல் கிடந்தது. காலத்தாழ்வைப் பொறுத்தருளுமாறு வருமான வரி ஆணையருக்கு மனுச் செய்தே மீண்டோம். “இலவசமாய் உழைப்பவரைக் கேள்வி கேட்பதா?” என்று செயற்குழுவில் பலர் தயங்கினர். நானும் தயங்கினேன். உண்மையில், கேட்டிருந்தாலும் வென்றிருக்க மாட்டோம். புத்தகங்களைத் துணிப்பையில் இட்டுக் கொடுத்தோமேயன்றி, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் வாங்கவில்லை.

சட்டம் கேட்பவை மூன்று: அவருக்குக் கடமை இருந்ததா, அதில் தவறினாரா, அத்தவற்றாலேயே இழப்பு நேர்ந்ததா. மூன்றாவதில்தான் பெரும்பாலான வழக்குகள் தடுக்கி விழுகின்றன. கணக்கர் எல்லா மோசடியையும் கண்டுபிடித்தே தீரவேண்டுமென்பதும் இல்லை. 1896-இல் இங்கிலாந்தின் கிங்ஸ்டன் பருத்தியாலை வழக்கில், அவர் காவல் நாயேயன்றி மோப்ப நாயல்லர் என்னும் பொருள்படத் தீர்ப்புரைத்தனர். எனினும் காவல் நாய் உறங்கலாகாது.

சத்யம் நிறுவனத்தைப் பாருங்கள். 2009 சனவரி 7-இல் அதன் தலைவர் இராமலிங்க ராஜு கணக்கு பொய்யென எழுதிக் கொடுத்தார். இருப்பதாகக் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. 2015-இல் ஐதராபாத் நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் தணிக்கையாளர் இருவர். அமெரிக்காவில் கூட்டாக வழக்குத் தொடுத்த முதலீட்டாளருக்கு, 2011-இல் தணிக்கை நிறுவனம் 2 கோடியே 55 லட்சம் டாலர் தர இசைந்தது. அத்தகைய கூட்டு வழக்கிற்கு அந்நாளில் நம் நிறுவனச் சட்டத்தில் வழி இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 245-ஆம் பிரிவே அதனைத் தந்தது. அதுவும் நிறுவனங்களுக்கே, நம்போன்ற சங்கங்களுக்கன்று.

நமக்குரிய வழி யாது? பட்டயக் கணக்கர் கழகத்திடம் முறையிடலாம். 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மிகுந்த கவனக்குறைவு தொழில்முறைத் தவறாகும். அங்கே பெயர் நீக்கப்படலாம், அபராதம் விதிக்கப்படலாம். நம் இழப்பு திரும்பி வராது. இழப்பீடு வேண்டுமாயின் உரிமையியல் நீதிமன்றம். பொதுவாக மூன்றாண்டுக்குள் செல்லவேண்டும். கட்டணம் கொடுத்திருந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். அங்கே இரண்டே ஆண்டு. இலவசப் பணி அவ்வாணையத்தின் வரம்பில் வாராது. இதனால்தான் சிறு தொகையாயினும் கட்டணம் கொடுங்கள் என்கின்றேன். நன்றிக்கடன் நம் வாயை அடைக்காமலிருக்கும்.

காரைக்காலில் பிரெஞ்சுச் சட்டம் நிலவிய நாளை மூத்தோர் அறிவர். தன் தவற்றால் பிறர்க்குத் தீங்கிழைத்தவன் அதனை ஈடுசெய்க என்று அக்குடியியல் சட்டத்தின் 1382-ஆம் பிரிவு கூறிற்று. நொத்தேர் முன் எழுதாத பேச்சை அக்காலத்தார் பெரிதாக மதித்ததுமில்லை.

செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டுக் கணக்கை ஒப்படைக்கும்போது, இன்னின்ன பணி, இன்ன நாளுக்குள், இன்ன கட்டணம் என ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கொடுத்த புத்தகங்களின் பட்டியலையும் அத்துடன் சேர்த்து, நகலொன்றை அலுவலக அலமாரியில் வையுங்கள்.