சிலந்திக்கு இரையாகும் கரப்பான்



கரப்பான் பூச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களிற் சிலர் முகஞ் சுளிப்பீர்கள். அதனை ஒழிக்கும் வழியைக் கூறப் போகிறேன் என்று எண்ணிச் செவிசாய்த்தவர்கள் ஏமாற்றமும் அடைவீர்கள். கரப்பானை வளர்க்கும் முறையைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். கலைப் பட்டதாரியாகிய ஓர் அதிபருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று கேட்பது நியாயமே. எங்கள் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகள் சிலர் அண்மைக் காலத்தில் என்னிடம் கொண்டுவந்த ஒரு கேள்வியே என்னை இதற்குள் இழுத்துவிட்டது. அக்கேள்வியைப் பின்னர் சொல்கிறேன்.

உலகில் 4,500க்கு மேற்பட்ட கரப்பான் இனங்கள் உள்ளன. அவற்றுள் மனிதனுடைய வீட்டிலே குடியேறித் தொல்லை தருவன முப்பது அளவில்தான் இருக்கும். ஏனையவை காட்டுச் சருகிலும், மரப்பட்டைக்கு அடியிலும், உக்கிய கட்டைகளுக்குள்ளும் தம் பாட்டில் வாழ்கின்றன. லயத்துக் காம்பராவின் அடுப்பங்கரையிலே ஓடித் திரிகிற செந்நிறக் கரப்பானை வைத்து அந்தக் குலம் முழுவதையும் எடைபோடுவது, ஒரு திருடனைக் கண்டு ஊரையே திருட்டூர் என்பதைப் போன்றதாகும்.

இனி, சிலந்திக்கு வருவோம். எங்கள் பகுதி இறப்பர்த் தோட்டங்களிலும், பழைய பலா மரங்களின் பொந்துகளிலும் உள்ளங்கையை மூடிவிடும் அளவான பெருஞ் சிலந்தி ஒன்று வாழ்கிறது. சிங்களத்தில் திவிமகுளுவா என்பர். தமிழிலே புலிமுகச் சிலந்தி என்பர். இரு மொழியாரும் ஒரே விலங்கை நினைத்துப் பெயரிட்டிருப்பது கவனிக்கத்தக்கது. விஞ்ஞானிகள் இக்குலத்தைப் பொயிசிலோதீரியா என்று அழைக்கின்றனர். இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இயற்கையில் இக்குலம் இல்லை. தாழ்நில ஈரவலயத்துக்குரிய ஓர்னாட்டா என்னும் இனத்தை 1899இல் போகொக் என்னும் ஆங்கில அறிஞர் விவரித்தார். அதே ஆண்டில் அவர் விவரித்த இன்னொன்று, ஆந்திர நாட்டின் குத்தி என்னும் ஊரில், ரயில்வே மரக் கிடங்கிலே அகப்பட்ட நீல நிறச் சிலந்தி. அதன்பின் நூறாண்டுக்கு மேல் அதனை எவரும் கண்டதாகச் செய்தியில்லை. 2001இலேதான் அது மீண்டும் காட்டிலே காணப்பட்டது. நம் வடபகுதியின் மாங்குளத்தில் 2009இல் கிடைத்த ஒரு சிலந்தி 2012இல் ராஜாயி என்ற பெயரோடு புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஆபத்து நிறைந்த காடுகளிலே ஆய்வாளருக்கு வழிகாட்டி உதவிய மைக்கல் ராஜகுமார் புராஜா என்னும் பொலிஸ் அதிகாரியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. ஒரு சிலந்தியின் பெயராலே நிலைத்துவிட்ட தமிழர் வேறெவரும் உண்டோ, நானறியேன்.

இத்தகைய சிலந்திகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் கண்ணாடிப் பெட்டியில் இட்டு வளர்க்கின்றனர். நாய், பூனை வளர்ப்பதுபோல அது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. பெண் சிலந்தி பத்தாண்டுக்கு மேலும் வாழும், சத்தமில்லை, நாற்றமில்லை, வாரம் ஒருமுறை இரை போட்டாற் போதும். ஆனால் இரை உயிரோடு அசைய வேண்டும். அங்கேதான் கரப்பான் அரங்கேறுகிறது.

முன்னர் வெட்டுக்கிளி போன்ற சிள்வண்டுகளையே இரையாக இட்டு வந்தனர். அவை இரவெல்லாம் கத்தும், விரைவிலே சாகும், செத்தால் நாறும். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றுண்டு. சிலந்தி தோலுரிக்கும் வேளையில் மல்லாந்து கிடக்கும். உடல் மெழுகுபோல் மென்மையாக இருக்கும். அந்நேரத்தில் பசித்த சிள்வண்டு ஒன்று பெட்டிக்குள் நின்றால் அது சிலந்தியையே கடித்துக் குதறிவிடும். ஆகவே அனுபவம் பெற்ற வளர்ப்பாளர்கள் தென்னமெரிக்காவைச் சேர்ந்த டூபியா என்னும் கரப்பானுக்கு மாறினர்.

டூபியாவின் குணங்களைக் கேட்டால், இரையாவதற்கென்றே பிறந்ததோ என்று தோன்றும். வழுவழுப்பான சுவரில் ஏறமாட்டாது. ஆணுக்குச் சிறகிருந்தும் நன்றாகப் பறக்காது. பெண்ணுக்கோ சிறகு வெறும் துண்டாக நிற்கிறது. கத்தாது, அதிகம் நாறாது. நாலைந்து மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் பருவமடைந்து, அதன்பின் ஓராண்டுக்கு மேலும் வாழும். நம் வீட்டுக் கரப்பான் முட்டைக் கூட்டை எங்காவது மூலையில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. டூபியாவின் தாயோ முட்டைக் கூட்டை ஒரு தரம் வெளியே தள்ளி, காற்றுப் படவிட்டுத் திருப்பி, மீண்டும் தன் வயிற்றுப் பைக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது. இரண்டு மாதமளவில் குஞ்சுகள் உயிரோடு பிறக்கின்றன. ஓர் ஈற்றுக்கு இருபது, முப்பது.

வளர்க்கும் பெட்டியும் எளியதே. வழுவழுப்பான பிளாஸ்ரிக் பெட்டி; மூடியில் வலைத்துணி; உள்ளே கோழிமுட்டை அடுக்கும் காகித அட்டைகள். அவ்வட்டைகளைப் படுக்கவைத்தல் ஆகாது. நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அப்போதுதான் எச்சம் கீழே உதிரும். ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெண் என்பது கணக்கு. தவிடும் தானிய மாவும் உலர்ந்த உணவு. கரட்டும் தோடம்பழமும் ஈர உணவு. கிண்ணத்தில் நீர் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் சாகும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணமும் உண்ணியும் பெருகும். வெப்பம் 28 பாகை முதல் 32 பாகை செல்சியஸ்வரை இருக்க வேண்டும். 20க்குக் கீழே போனால் இனப்பெருக்கம் நின்றுவிடும். அதனாலே குளிர்நாட்டார் பெட்டியின் அடியில் மின்சார வெப்பத் தகடு வைக்கின்றனர்.

இப்பெட்டியின் பெரும் பயன், எல்லா அளவிலும் இரை கிடைப்பது. ஒரு சிலந்தியின் முட்டைப் பையிலிருந்து நூறளவில் குஞ்சுகள் வரக்கூடும். அவற்றுக்குச் சில மில்லிமீற்றர் நீளமான கரப்பான் குஞ்சு. தாய்க்கு வளர்ந்த கரப்பான். சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிய இரை கொடுக்கக் கூடாது என்பதும், ஒரு நாளுக்குள் பிடிக்காத இரையை எடுத்துவிட வேண்டும் என்பதும் அவர்களுடைய விதிகள். வீட்டிலே ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடவே மாட்டார்கள். அது எந்த நஞ்சைத் தின்றதோ, எந்தப் புழுவைச் சுமந்ததோ யார் கண்டது? இத்தொழிலில் வளர்ப்பவருக்கும் ஒரு கேடுண்டு. கரப்பானின் எச்சத் தூளையும் தோலையும் நெடுநாள் சுவாசித்தவர்களுக்குத் தும்மலும் தடிப்பும் தொய்வும் உண்டாகின்றன. முகமூடியின்றிப் பெட்டியைத் துப்புரவு செய்தலாகாது.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். கைத்தொலைபேசியிலே இவற்றையெல்லாம் பார்த்துவிட்ட மேல்வகுப்பு மாணவர் சிலர், ‘ஐயா, வெளிநாட்டிலே காசு கொடுத்து வாங்குகிற சிலந்தி நம் தோட்டத்து மரத்திலே சும்மா கிடக்கிறதே. பிடித்து விற்றால் என்ன? அல்லது அந்தக் கரப்பானை வருவித்து வளர்த்து விற்றால் என்ன?’ என்று கேட்டனர். பால்வெட்டி, கொழுந்து பறித்து நாட்கூலி பெறும் பெற்றோரின் பிள்ளைகள் இப்படிக் கேட்பதை நான் பேராசை என்று சொல்லமாட்டேன். மழை பெய்தால் பால்வெட்டு இல்லாத வீட்டிலே இக்கேள்வி எழாவிட்டாலே வியப்பு. ஆதலின் அதட்டாமல் விடை கூற வேண்டியிருந்தது.

சிலந்தியைப் பிடித்து விற்பதற்கு விடை எளிது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் உண்டு. அனுமதியின்றிக் காட்டுயிர்களைக் கடல் கடத்துவது குற்றம். 2018இல் அமெரிக்க அரசாங்கம் நம் நாட்டுப் புலிமுகச் சிலந்திகளுள் ஐந்து இனங்களை அழியும் நிலையிலுள்ளவை எனப் பட்டியலிட்டது. 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையிலே இக்குலம் முழுவதும் சேர்க்கப்பட்டது. சட்டம் ஏட்டிலேதான் என்பார்க்கு ஒரு செய்தி: 2024 மே மாதத்தில் யால தேசியப் பூங்காவிலே நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்து வைத்திருந்த இத்தாலியத் தந்தையும் மகனும் பிடிபட்டனர், செப்டெம்பரில் நீதிமன்றம் அவர்களுக்கு 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. செல்வந்த நாட்டாருக்கே அவ்வளவென்றால், வாங்குபவன் தப்பிவிடப் பிடித்துக் கொடுத்த தோட்டத்துச் சிறுவன் கூண்டிலே நிற்கும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இதிலே கரப்பான் பெட்டிக்கு ஒரு நற்சான்றும் கொடுத்தாக வேண்டும். இரை எளிதிற் கிடைப்பதாலேயே அந்நாடுகளில் சிலந்திகள் பெட்டிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகின. அவ்வாறு பிறந்தவற்றை வாங்கக்கூடியவனுக்குக் காட்டிலிருந்து பிடித்ததை வாங்கும் தேவை குறைகிறது. குத்தியின் நீலச் சிலந்தி காட்டிலே அரிதாக இருந்தும், பெட்டிகளிலே பலவாகப் பிறந்து வருகிறது. ஆனால் பெட்டிகளிலே பிறக்கும் நம் நாட்டு இனங்களின் முன்னோர் நம் மண்ணிலிருந்து போனவை; அதனால் இங்குள்ள எவருக்கும் ஒரு சதமும் வரவில்லை. இந்த மனக்குறை எனக்கும் உண்டு.

டூபியாவை வருவிப்பது பற்றி என் விடை இன்னும் கண்டிப்பானது. அவர்கள் மின்சாரம் செலவிட்டு உண்டாக்குகிற வெப்பம் இரத்தினபுரியில் ஆண்டு முழுவதும் இலவசமாக இருக்கிறது. நான்கு கரப்பான் தப்பிப் போனால் ஜேர்மனியிலே குளிரில் சாகும். பெல்மதுளையிலே குடும்பம் நடத்தும். சிங்கராசக் காட்டுக்கு அயலிலே அப்படியொரு சோதனை நமக்கு வேண்டாம்.

கரப்பானையே வளர்த்துப் பார்க்க விரும்பும் மாணவர்க்கு வேறு வழியுண்டு. நம் கூட்டெருக் குழியைக் கிளறினால் கறுத்துப் பளபளக்கும் சிறிய கரப்பான் ஒன்று மண்ணுக்குள் புதையும். 1758இல் லின்னேயஸ், சுரினாம் நாட்டிலிருந்து வந்த மாதிரியைக் கண்டு அதற்கு அந்நாட்டுப் பெயரையே இட்டார். உண்மையில் அதன் தாயகம் நம் கிழக்குத் திசை நாடுகளே. இதன் விந்தை, ஆணே இன்றிப் பெண்ணிலிருந்து பெண்ணாகவே பெருகுவது. எங்கள் பாடசாலையிலே ஒரு வாளியில் உக்கிய இலைமண்ணை நாலங்குலம் பரப்பி, விளிம்பிலே வாசிலின் பூசி, வலைத்துணியால் இறுகக் கட்டி வைத்திருக்கிறோம். வாழைப்பழத் தோலும் பூசணித் துண்டும் உணவு. மாணவர்கள் எண்ணிக்கையைக் கொப்பியிலே குறிக்கின்றனர். கணக்கிலே நாட்டமில்லாத ஒரு பிள்ளை இந்தக் கணக்கை மட்டும் தவறவிடுவதில்லை! ஒரு கட்டுப்பாடு: அக்கரப்பானைக் கோழிக்குப் போடலாகாது. கோழியின் கண்ணில் தங்கும் ஒருவகைப் புழுவுக்கு இதுவே இடைவிருந்தாளி. லயத்துப் பின்புறத்தில் கோழி வளர்ப்போர், கூட்டெருக் குழியைக் கோழிக் கூட்டிலிருந்து தள்ளி வைப்பது இதனாலும் நல்லது.

புலிமுகச் சிலந்தி வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் கடியால் எவரும் இறந்ததாகத் தெரியவில்லை. எனினும் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வாட்டும். கையால் தொடக் கூடாது. கடிபட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வீட்டுக்குள் அலைந்து வருவது பெரும்பாலும் பெட்டை தேடிப் புறப்பட்ட ஆண் சிலந்தி. பருவமடைந்தபின் அதற்கு வாழ்நாள் அதிகமில்லை. விளக்குமாற்றை எடுக்காதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு, அகன்ற வாளி ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, தடித்த அட்டையை மெல்ல அடியிலே செருகி, அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பலா மரத்தடியிலே சாய்த்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். சிறிது நேரத்தில் அது தானாகவே மரத்தில் ஏறிவிடும்.