வாத்தியார் ஏன் கடன் நோட்டைத் தூக்கினார்?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டே குழுக்களுக்குக் கடன் ஆலோசனையும் சொல்லிவரும் சகோதரி ஒருவர் பேசியது. பேசியபடியே தருகிறோம்.)



வாரத்தில் நாலு நாள் நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ரெண்டு நாள் உங்களை மாதிரி குழுக்களோடு உட்கார்ந்து கடன் கணக்கு பார்க்கிறேன். "ஏம்மா, ரெண்டு தோணியில கால் வைக்கிறியே, சரிப்படுமா?" என்று உங்க தலைவியம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. என் கதையைச் சொல்வதைவிட, இதையே பெரிசாகச் செய்த ஒருத்தர் கதையைச் சொல்கிறேன்.

முகமது யூனுஸ் என்ற பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. வங்கதேசத்துக்காரர். அமெரிக்காவில் படித்து, அங்கேயே பாடம் நடத்தி, 1972-இல் ஊர் திரும்பி, சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறைத் தலைவர் ஆனார். 1974-இல் அந்த நாட்டில் கொடிய பஞ்சம். வகுப்புக்குள்ளே பெரிய பெரிய கோட்பாடு, வெளியே பசியில் சாகிற சனங்கள். மனுஷன் வகுப்பை விட்டு, பக்கத்திலேயே இருந்த ஜோப்ரா கிராமத்துக்கு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே ஒரு அம்மா மூங்கில் முக்காலி பின்னுகிறார். மூங்கில் வாங்க 5 டாக்கா வேண்டும். டாக்கா என்பது அவங்க ஊர்ப் பணம். கையில் இல்லை, அதனால் வியாபாரியிடம் கடன். அந்த வியாபாரி போடுகிற நிபந்தனை என்ன தெரியுமா? பின்னின முக்காலியை அவனுக்கே, அவன் சொல்கிற விலைக்கே விற்கணும். நாள் பூரா உழைத்தால் மிச்சம் 50 காசு. இந்த மாதிரி ஊரில் எத்தனை பேர் என்று மாணவர்களை வைத்துக் கணக்கெடுத்தார். 42 பேர். அத்தனை பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட பணம் 856 டாக்கா, அன்றைய மதிப்பில் 27 டாலர். அவ்வளவுதான்! சொந்தப் பணத்தையே கொடுத்துவிட்டார். அது 1976. அப்புறம் வங்கிக்குப் போனால், "படிப்பு இல்லை, ஈடு இல்லை, இவங்களுக்குக் கடன் கிடையாது" என்றார்கள். தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டார். 1983-இல் அது கிராமீன் வங்கி ஆச்சு. 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு. கவனியுங்க, பொருளாதாரப் பரிசு இல்லை, அமைதிப் பரிசு.

(நம்ம முறை வேற. அங்கே வங்கிதான் முதலில் கடன் கொடுக்கும். இங்கே நம்ம சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்துப் பழகிய பிறகுதான் வங்கி வரும். 1992-இல் நபார்டு 500 குழுக்களோடு சோதனையாக ஆரம்பித்தது அது.)

கடன் நோட்டைக் கையில் எடுத்ததால் அந்த வாத்தியாருக்கு என்ன புரிந்தது? கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் சமமாக நின்று பேரம் பேசுகிற மாதிரிதான் பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும். முக்காலி பின்னுகிற அம்மாவுக்குப் போக வேறு வாசல் இல்லை. அந்த ஒண்ணைப் புத்தகத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

திருப்பியும் பாருங்க. வகுப்பில் இருப்பது குழுவுக்கு உதவும். ஒரு கணக்கு சொல்கிறேன். 12,000 ரூபாய் கடன், 12 மாசத் தவணை, "நூத்துக்கு மாசம் 1 ரூபாய்தாம்மா வட்டி" என்று ஒருத்தர் வீட்டு வாசலில் வந்து சொல்கிறார். மாசம் 120 வீதம் வருஷத்துக்கு 1,440 ரூபாய். மாசாமாசம் அசலும் வட்டியுமாக 1,120 கட்டணும். நியாயமாத்தான் தெரியும். ஆனால் மாசம் 1,000 ரூபாய் அசல் குறைந்துகொண்டே வருதே! மீதி நிற்கும் பணத்துக்கு மட்டும் வட்டி போட்டால் 120, 110, 100 என்று இறங்கி, மொத்தமே 780 ரூபாய்தான். அப்போ 1,440 வாங்குகிறவர் சொல்வது 1 ரூபாய், உண்மையில் வாங்குவது 1 ரூபாய் 80 காசுக்குப் பக்கம். கடைசி மாசம் உங்க கையில் இருப்பது ஆயிரம் ரூபாய்தான், ஆனால் பன்னிரண்டாயிரத்துக்கு வட்டி கட்டறீங்க. "நிலையான வட்டியா, குறையும் வட்டியா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

சரி, ரெண்டு தோணிக்கு வருவோம். ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. கடன் கொடுப்பவரே ஆராய்ச்சியும் செய்தால், "எங்க கடனால் எல்லோரும் முன்னேறிட்டாங்க" என்றுதானே எழுதத் தோணும்? தன் மோரைப் புளிக்கும் என்று யார் சொல்வா? இன்னொரு சிக்கலும் உண்டு. துணிந்து கடன் வாங்குகிறவங்க ஏற்கெனவே கெட்டிக்காரங்களாக இருக்கலாம். அவங்க முன்னேறினது கடனாலா, கெட்டிக்காரத்தனத்தாலா?

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தங்கள் கூட்டாளிகளோடு ஹைதராபாத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். ரெண்டு பேரும் அப்போது அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பொருளாதாரப் பேராசிரியர்கள். 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் போட்டதுபோல் 52-ஐப் பிரித்து, அங்கே மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனம் முதலில் கிளை திறந்தது. ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் கூடுதலாக முதல் போட்டிருந்தார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்கியிருந்தார்கள். ஆனால் பிள்ளைகள் படிப்பு, உடம்பு நலம், வீட்டில் பெண்ணின் பேச்சுக்கு மதிப்பு, இதில் எல்லாம் சொல்லும்படி மாற்றம் இல்லை. கடனை விற்கிறவர் இந்த முடிவை வெளியே சொல்லியிருப்பாரா என்று யோசியுங்க. 2019-இல் இவங்க ரெண்டு பேருக்கும், மைக்கேல் கிரேமருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது.

அதனால் எனக்கு நானே சில கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் கடனையும் நான் சிபாரிசு செய்து கமிஷன் வாங்குவதில்லை. நான் கணக்கு பார்க்கிற குழுவில் ஆராய்ச்சி செய்வதில்லை. ஏன்னா நான் கேட்டால், என் முகத்துக்காக "நல்லா இருக்கோம்மா" என்றுதான் சொல்வீங்க. ஒரு அக்கா என்னிடம் அழுதுகொண்டே சொன்ன கடன் விவரம், பேர் ஊர் மாற்றிக்கூட என் வகுப்புக்குப் போகாது. இதனால் எனக்கு ஆராய்ச்சிக் கட்டுரை குறைவுதான். போகட்டும்.

உங்க பக்கமும் ஒரு வேலை இருக்கு. கேள்வித்தாளோடு ஆய்வுக்கு வருகிறவங்ககிட்ட உட்கார வைத்து மோர் கொடுங்க, ஆனால் கேளுங்க: உங்களை அனுப்பினது யாரு? செலவு யாருது? எங்க பேர் வெளியே வருமா? முடிவு வந்தால் எங்க கூட்டத்தில் வந்து தமிழில் படித்துக் காட்டுவீங்களா? பதில் சரியில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் கடன் ஒன்றும் நின்றுபோகாது.

குழுக் கணக்கு எழுதுகிற பொண்ணுங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. பன்னிரண்டாவது முடித்தவங்க தொலைதூரக் கல்வியில் பொருளாதாரம் படிக்கலாம். வேலையை விட வேண்டாம். பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் தெரிந்தவளுக்கு அந்தப் பாடம் பாதி வந்த மாதிரிதான். விவரம் வேண்டும் என்றால் என்கிட்ட கேளுங்க.

மணி ஒண்ணு ஆச்சு, சாப்பாடு ஆறுது. வெளிக்கடன் வாங்கினவங்க தவணை அட்டையை எடுத்து வெச்சுக்குங்க. சாப்பிட்டு வந்து ஒவ்வொண்ணா வட்டி போட்டுப் பார்ப்போம்.