அஞ்சுகிறவர்களின் செபம்



2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில் கிறித்தவர்களின் வீடுகளும் ஆலயங்களும் கொளுத்தப்பட்டன. 50,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். உயிருக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாணர் என்னும் தலித் மக்கள்.

'இந்துவாகத் திரும்பினால்தான் ஊருக்குள் இடம்' என்று மிரட்டினார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறித்தவராக இருக்கும்வரை பட்டியல் சாதி உரிமையும் கிடையாது. பலர் பணிய நேர்ந்தது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முகாம்களில் செபித்தபடி மறுத்தவர்களும் பலர். பயம் போனதால் மறுக்கவில்லை, பயந்துகொண்டேதான் மறுத்தார்கள். அவர்களுக்குச் செபம் என்பது 'நாங்கள் யாருக்கும் கீழானவர்கள் இல்லை' என்ற சொல்.

தலித் கிறித்தவனாகிய நான் நம் திருச்சபையைக் கேட்கிறேன். கந்தமாலுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினோம், சரி. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் பிணங்களைப் பிரித்துச் சுவர் எழுப்பியவர்கள் யார்? அவர்களும் செபிக்கிறவர்கள்தானே?

வெளியே இருந்து வரும் அச்சத்துக்கு ஒன்றாக முழந்தாளிடச் சொல்கிறீர்கள். முதலில் ஒன்றாகப் புதைக்கப்படச் சம்மதியுங்கள். பிறகு சேர்ந்து செபிப்போம்.