பெயரறியாப் படைவீரர் படங்கள்

யாரோ ஒரு சிப்பாயின் பழைய படத்தைச் சிலர் தேடிச் சேர்ப்பது ஏன்? தளபதிகளுக்குச் சிலையுண்டு, சரித்திரத்தில் இடமுண்டு. சாமானிய வீரனுக்கோ பெரும்பாலும் ஒரு புகைப்படமே எஞ்சுகிறது.

பிரான்ஸின் வடபுலத்தில், சோம் போர்முனைக்குப் பின்னால், வின்யாகூர் என்றொரு சிற்றூர். முதல் உலகப்போரின்போது அவ்வூர்த் தம்பதியரான தூயியே இணையர், ஓய்வுக்கு வந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தனர். அப்படங்கள் அஞ்சலட்டைகளாகி வீரர்களின் வீடுகளுக்குச் சென்றன. 2011ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான தகடுகள் ஒரு பழைய வீட்டுப் பரணில் கண்டெடுக்கப்பட்டன. முகங்கள் தெளிவாயிருந்தன, பெயர்கள்தாம் இல்லை. சீருடைச் சின்னத்தால் படைப்பிரிவை அறிந்தும், குடும்பங்கள் பாதுகாத்த படங்களோடு ஒப்பிட்டும் சிலருக்கு மீண்டும் பெயர் கிடைத்தது. படம் சேர்ப்போர் நாடும் பயன் இதுவே.

அப்போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து சென்றனர். எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுள் எத்தனை பேரின் முகத்தை நாம் அறிவோம்?

ஊரைவிட்டு வந்து வாழும் நாம், "நலமாயிருக்கிறேன்" என்று வீட்டிற்கு அனுப்பும் படத்தின் அருமையை உணர்ந்தவர்கள். நம் இல்லப் பெட்டிகளிலும் சீருடையணிந்த ஒரு பாட்டனாரின் படம் இருக்கலாம். அவரை அறிந்தோர் நம்மிடையே இருக்கும்போதே, அதன் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவைப்போமாக.