மறுபக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கி கேஷ் கவுண்டரில் பல வருடம் நாணயம் எண்ணியவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நம் குடியிருப்பில் பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன், ஓரம் கடித்தது போன்ற ஐந்து ரூபாய் நாணயத்தை நாலாயிரத்துக்கு வாங்க இருந்தான். தாத்தா பிறந்த நாளுக்குக் கொடுத்த பணம். நாணயச்சாலையில் நேர்ந்த அபூர்வப் பிழை என்று விற்பவர் சொன்னாராம். நல்லவேளை, பணம் அனுப்புமுன் அவன் அப்பா என்னிடம் படத்தைக் காட்டினார்.

ஒன்றை நினைவில் வையுங்கள். அச்சாகும்போது நேர்ந்தால்தான் பிழை. வெளியே வந்தபின் ராவியதும் நசுக்கியதும் வெறும் சேதம். இரண்டையும் பிரித்தறிய, மறுபக்கத்தையும் எதிர் ஓரத்தையும் பாருங்கள்.

கடித்த ஓரம்: தகட்டில் வில்லை வெட்டும்போது, முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்தால் பிறை போலக் குறையும். அப்போது குறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். அரத்தால் ராவியதில் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும்; எழுத்து பட்டென்று அறுந்திருக்கும். பையனுக்குக் காட்டியது இந்த ரகம்தான்.

இடவலம் மாறிய எழுத்து: இரண்டு நாணயங்களைச் சேர்த்து வைஸில் இறுக்கினாலும் இப்படிப் பதியும். ஆனால் மறுபக்கம் நசுங்கித் தட்டையாகிவிடும். உண்மைப் பிழையில் மறுபக்கம் தெளிவாக இருக்கும்.

இருபுறமும் சிங்கம்: ஒன்றைக் குடைந்து இன்னொன்றைச் செருகியிருப்பார்கள். விளிம்பின் உட்புறம் லென்ஸில் மெல்லிய கோடு தெரியும். மேஜையில் போட்டால் ஓசை மந்தமாக வரும். எடையும் போடுங்கள்: பழைய தடித்த 5 ரூபாய் 9 கிராம்.

திரும்பிய நடுவட்டம்: 10 ரூபாயின் நடுப்பகுதியைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்துவார்கள். வளையம் சேரும் இடத்தில் கீறலோ இடைவெளியோ இருக்கும்.

விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பழைய நாணயத்துக்கு லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். அப்படிக் கட்டணமோ கமிஷனோ தாங்கள் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

பிள்ளைகள் நாணயம் சேர்ப்பது நல்ல பழக்கம். தடுக்காதீர்கள், ஒரு லென்ஸும் சின்னத் தராசும் வாங்கிக் கொடுங்கள். நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் மட்டும் தர வேண்டாம்.