சிபாரிசும் சட்டமும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், தொழிலாளர் குடும்பங்களின் முன் ஆற்றிய உரை)



நம் குடியிருப்புகளில் பெண் பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. தேறியதும் ஒரு பேச்சு எழுகிறது. "பிழைக்க வந்த ஊரில் நமக்கு யாரைத் தெரியும்? சிபாரிசு இல்லாமல் சர்க்கார் உத்தியோகம் கிடைக்குமா? மேலே படிக்க வைத்து என்ன லாபம்?" இந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம். அதற்கு, நமக்கு எட்டவே எட்டாது என்று நாம் நினைக்கும் ஓர் உத்தியோகத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் தேசத்தின் பிரதிநிதியாக இருக்கும் தூதர் பதவி அது.

தூதர் ஆவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆட்சியில் இருப்பவர் அழைத்து நியமிப்பது. நம்மவர் பலர் பிழைக்கப் போயிருக்கும் பஹ்ரைனில், வியாபாரம் நடத்திவந்த ஹூதா நூனூ என்ற பெண்மணியை மன்னர் முதலில் மேல்சபைக்கு நியமித்தார்; பிறகு 2008-ல் வாஷிங்டனுக்குத் தூதராக அனுப்பினார். நம் நாட்டில் பிரதமர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் 1947-ல் மாஸ்கோவுக்கும் 1949-ல் வாஷிங்டனுக்கும் தூதராகப் போனார். விடுதலைப் போரில் சிறை சென்றவர்; மந்திரியாக இருந்தவர்; 1953-ல் ஐ.நா. பொதுச்சபைக்கே தலைமை தாங்கியவர். இவர்களுடைய திறமையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதவு அழைப்பு வந்தவருக்குத்தான் திறக்கும். அவர் உள்ளே போனதால் அடுத்த பெண்ணுக்கும் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் உண்டா?

இரண்டாவது வழி பரீட்சை. நம் கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில், விராஜ்பேட்டையில், 1924-ல் பிறந்தவர் சி. பி. முத்தம்மா. ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்தார். தாயார் மனம் தளராமல் படிக்க வைத்தார். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பு. சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் மேற்படிப்பு. பிறகு தேசிய அளவிலான போட்டிப் பரீட்சையில் தேறி, 1949-ல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவரே.

வரவேற்பு எப்படி இருந்தது? நேர்முகத் தேர்விலேயே, இது பெண்களுக்கு ஏற்ற வேலை அல்ல என்று மனதைக் கலைக்கப் பார்த்தார்கள். கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெண்ணை அழைத்து வாஷிங்டனுக்கு அனுப்பிய அதே சர்க்கார், அதே ஆண்டில், பரீட்சை எழுதித் தேறிய பெண்ணிடம் இப்படி எழுதி வாங்கியது! இதை நாம் கவனிக்க வேண்டும்.

1961-ல் போட்ட சர்வீஸ் விதிகளிலும் இதே போக்குதான். பெண் அதிகாரி கல்யாணம் செய்வதற்கு முன் சர்க்காரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று சர்க்கார் கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண் இந்தப் பணியை உரிமையாகக் கேட்க முடியாது. ஆண் அதிகாரிக்கு இப்படி எந்த நிபந்தனையும் இல்லை.

முத்தம்மா 1970-ல் ஹங்கேரிக்குத் தூதரானார். பரீட்சை எழுதிப் பணிக்கு வந்த பெண்களில் முதல் தூதர் அவரே. ஆனாலும் உச்ச கிரேடுக்கான புரமோஷன் வந்தபோது, தகுதி போதாது என்று ஒதுக்கிவிட்டு, ஜூனியர்களை மேலே ஏற்றினார்கள். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களுக்குச் சீனியாரிட்டி லிஸ்டில் பெயர் இறங்குவதன் வலி தெரியும். அவர் சிபாரிசு தேடிப் போகவில்லை. சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார்.

மனு நிலுவையில் இருக்கும்போதே அதிசயம் நடந்தது. தகுதி போதாதவர் சில மாதங்களில் தகுதி உள்ளவராகிவிட்டார், புரமோஷன் வந்தது. கல்யாண அனுமதி விதியை சர்க்கார் எடுத்துவிட்டது. மற்ற விதியும் போகப் போகிறது என்று கோர்ட்டில் சொன்னது.

1979 செப்டம்பரில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், 1978-ல், 'தொழில்' என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் தந்து தொழிலாளருக்குத் தெம்பூட்டிய அதே நீதிபதிதான். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால் அது ஆணுக்கும் இடைஞ்சல்தானே என்று அவர் கேட்டார். குறை தீர்ந்துவிட்டதால் மனுவைத் தள்ளினாலும், பிரச்னையைத் தள்ளிவிடவில்லை என்று தெளிவுபடுத்தினார். முத்தம்மாவின் சீனியாரிட்டியை மறுபடி பரிசீலிக்கவும், சர்வீஸ் விதிகள் முழுவதிலும் பெண்ணுக்கு எதிரான பாகுபாட்டைக் களையவும் சர்க்காருக்குச் சொன்னார்.

முத்தம்மா 1982-ல் ஓய்வு பெற்று, 2009 அக்டோபரில் நமது பெங்களூரில் காலமானார். அந்த ஆண்டு வெளியுறவுச் செயலாளர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் நிருபமா ராவ். அவர் மணமான பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். விதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

"அவர் படித்தவர், கோர்ட்டுக்குப் போக முடிந்தது, நாம் என்ன செய்வோம்?" என்று கேட்பீர்கள். 2016 பிப்ரவரியில், பி.எஃப். பணத்தில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய சர்க்கார் ஆணை போட்டது. ஏப்ரலில் ஓசூர் ரோட்டிலும் பீன்யாவிலும் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். தடியடி பட்டார்கள். இரண்டே நாளில் ஆணை வாபஸ் ஆயிற்று. அவர்களுக்கு யார் சிபாரிசு செய்தார்கள்?

தோழர்களே, சிபாரிசு ஒருவரை உயர்த்தும், அவரோடு நின்றுவிடும். விதி மாறினால் எல்லோருக்கும் வழி பிறக்கும். ஆகவே பெண் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்; நிரப்பத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள். வேலையில் இருக்கும் பெண்கள் நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். அநியாயம் நடந்தால் வாயால் கெஞ்ச வேண்டாம்; எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அந்த நகலோடு வந்தால், அடுத்த படிக்கு நாம் எல்லோரும் சேர்ந்தே போவோம்.